பேட்டர்ன் தாளில் உருவாகும் பாணி

லண்டன் சாவில் ரோ தெருவின் பழைய தையல் நிறுவனங்களில் ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் தனியாக ஒரு கட்டுப் பழுப்புத் தாள் உண்டு. கோட்டின் முன்பக்கம், பின்பக்கம், கை, காலர் என்று அவர் உடம்புக்கென்றே வரைந்து வெட்டிய பேட்டர்ன்கள் அவை. ஓட்டை போட்டு, கயிறு கோத்து, பெயர் எழுதிக் கொக்கியில் தொங்கவிடுவார்கள். அடுத்த ஆர்டர் வரும்போது அந்தக் கட்டு மேசைக்கு இறங்கும். போன கோட்டில் தோள் அரைக்கால் அங்குலம் வெளியே தள்ளியிருந்தால் பென்சில் குறி உள்ளே வரும். லேப்பல், அதாவது மார்பில் மடிந்து விழும் முன்னோரம், ஒல்லியாகத் தெரிந்திருந்தால் ஓரத்தில் ஒரு துண்டுத் தாள் ஒட்டப்படும். அளவெடுத்துத் துணி வெட்டும் ஒரே கட்டரிடம் பத்துப் பதினைந்து வருடம் தைப்பவரின் தாளில் இப்படிக் குறிமேல் குறி விழுந்திருக்கும். கோட், பேன்ட், சட்டை, டை, தோல் ஷூ என்ற இந்த உடை மரபில் ஒருவருக்கென்று ஒரு பாணி அமைவதும் இதே வழியில்தான்: தைத்து, உடுத்தி, குறை கண்டு, அடுத்ததில் திருத்திக்கொள்வது. பார்த்ததும் பிடித்ததையெல்லாம் வாங்குகிறவருக்கு அலமாரி நிறையும். ஆனால் எந்தக் குறையையும் அவர் இரண்டாவது முறை சந்திப்பதில்லை, அதனால் திருத்தவும் கற்பதில்லை.

மரபின் இலக்கணம் உருவானது 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், இங்கிலாந்தில். அதற்கு முன் ஐரோப்பியப் பிரபுக்கள் பட்டும் வெல்வெட்டும் உடுத்தி, அதன்மேல் ஜரிகை வேலையும் செய்துகொண்டார்கள். பிரபு குடும்பத்தில் பிறக்காத பியூ பிரம்மெல் (1778–1840), அடர்நீலக் கம்பளிக் கோட்டும் கஞ்சி போட்ட வெள்ளைக் கழுத்துத் துணியும் போதும் என்று நின்றார். லண்டன் அவரைப் பின்பற்றியது. கம்பளிக்கு ஒரு குணம் உண்டு. ஈரமும் சூடும் பட்டால் சுருங்கும். இழுத்துப் பிடித்து இஸ்திரி போட்டால் இழுத்த நிலையில் நிற்கும். பட்டு அப்படிச் சொன்னபடி கேட்காது. ஈரத் துணியை மேலே போட்டுக் கனமான இஸ்திரிப் பெட்டியால் அழுத்தி, தட்டையான கம்பளியை மார்பின் வளைவுக்கும் முதுகின் குழிவுக்கும் பழக்கிவிடலாம். நிறத்திலும் வேலைப்பாட்டிலும் இருந்த அழகு வெட்டுக்கு இடம் மாற முடிந்தது இந்தக் குணத்தால்தான். ஹென்றி பூல் 1846இல் சாவில் ரோ பக்கமாக வாசல் வைத்தார். 1865இல் அவருடைய நிறுவனம், பின்னாளில் ஏழாம் எட்வர்டு மன்னரான வேல்ஸ் இளவரசருக்கு, வால் இல்லாத குட்டையான மாலைக் கோட் ஒன்றைத் தைத்துக்கொடுத்தது. அதன்பின் இந்த உடையின் அடிப்படை பெரிதாக மாறவில்லை. நிறமும் உருவமும் இவ்வளவு குறுகிய எல்லைக்குள் நிற்பதால் ஆளுக்கு ஆள் வேறுபடுவது கால் அங்குலத்தில்தான். ஒரே கீர்த்தனையை நூறு பேர் பாடினாலும் சங்கதியில் ஆள் தெரிந்துவிடுவது போன்றது இது.

முதல் கோட் தைக்க வருகிறவர் பெரும்பாலும் ஒரு புகைப்படத்தோடு வருவார். பழைய நடிகர் படமாக இருக்கும், அல்லது இத்தாலியத் தெருவில் நிற்கும் யாரோ ஒருவராக இருக்கும். அனுபவமுள்ள கட்டர் இதைக் குறையாக எடுத்துக்கொள்வதில்லை. பார்த்துச் செய்வதில் தொடங்காத கலை எது? ஜப்பானியர்கள் அமெரிக்கக் கல்லூரி உடையைக் கற்றது இதற்கு நல்ல சாட்சி. 1965இல் தெருயோஷி ஹயாஷிதா ஐவி லீக் கல்லூரி வளாகங்களில் எடுத்த படங்கள் 'டேக் ஐவி' என்ற நூலாக வந்தன. எந்தச் சட்டைக்கு எந்த ஷூ, பேன்ட் கணுக்காலில் எங்கே நிற்கிறது என்றெல்லாம் படம் படமாகப் பார்த்துப் படித்தார்கள். அந்தப் படிப்பு எவ்வளவு ஆழமானதென்றால், 2010இல் அதே நூல் ஆங்கிலத்தில் வந்தபோது அமெரிக்கர்கள் தங்கள் சொந்த உடையைத் திரும்பக் கற்க அதை வாங்கினார்கள்.

ஆனால் புகைப்படத்தோடு வருகிறவருக்கு அதில் பிடித்தது என்ன என்பதை அவரே அறிந்திருக்க மாட்டார். லேப்பலைக் காட்டுவார், உண்மையில் பிடித்தது படத்தில் நிற்பவர் கையைப் பையில் விட்டுச் சாய்ந்து நிற்கும் இயல்பாக இருக்கும். அதனால் நல்ல கட்டர் டேப்பை எடுப்பதற்கு முன் வேறு கேள்விகள் கேட்பார். ஒரு நாளில் எத்தனை மணி நேரம் உட்கார்ந்திருப்பார், காரில் போவாரா ரயிலில் போவாரா, பையில் என்னென்ன வைப்பார், ஊரில் வெயில் எப்படி. கண்ணாடி எந்தப் பையில், செல்போன் எந்தப் பையில் என்பது வரை கேட்டாக வேண்டும். இடது உள்பையில் கனமான போன் வைப்பவருக்கு அந்தப் பக்கம் மார்பு தொங்கிவிடும். துணியை அதற்கேற்ப வெட்டியாக வேண்டும்.

அளவு எடுக்கும்போது எண்களைவிட நிற்கும் விதம் முக்கியம். இரண்டு பேருக்கு மார்பு 40 அங்குலம் என்றால் ஒருவர் முதுகு வளைந்தவராகவும் மற்றவர் நெஞ்சு நிமிர்ந்தவராகவும் இருக்கலாம். முன்னவருக்கு முதுகுத் துணி நீளமாகவும் முன்பக்கம் குறைவாகவும் வேண்டும், பின்னவருக்கு நேர்மாறு. பெரும்பாலானவர்களுக்கு ஒரு தோள் மற்றதைவிடத் தாழ்ந்திருக்கும். பழைய கடைகளில் கட்டர் இவற்றை உரக்கச் சொல்ல மாட்டார். பக்கத்தில் எழுதிக்கொள்பவருக்குச் சுருக்கக் குறிகளாகச் சொல்வார். கூன், தொந்தி, வளைந்த கால் என்று வாடிக்கையாளர் காதுபடச் சொல்லலாகாது என்ற மரியாதை அது.

முதல் டிரையலில் கோட் பாதிதான் கோட்டாக இருக்கும். வெள்ளைப் பருத்தி நூலில் நீளநீளமாக நூலோட்டம் போட்டு, பை வைக்காமல், கம்பளியும் குதிரை முடியும் கலந்த கேன்வாஸ் உள்ளிருந்து வெளியே தெரிய, கை சும்மா ஒட்டிக்கொண்டிருக்கும். வருகிறவர் கண்ணாடி முன் வயிற்றை உள்ளே இழுத்து விறைத்து நிற்பார். கட்டர் ஊர்க் கதை பேசுவார். பேச்சில் இரண்டு நிமிடம் போனால் உடம்பு தன் வழக்கத்துக்குத் திரும்பும். அப்போது காலர் கழுத்தை விட்டு அரை அங்குலம் விலகி நிற்பது தெரியும். கட்டர் தோள் தையலில் கட்டைவிரலை விட்டு நூலை ஒரே இழுப்பில் பிரிப்பார். பின்துணியைச் சற்றே மேலே தூக்கி, தோள்மேல் பரப்பி, இரண்டு ஊசி குத்துவார். காலர் கழுத்தில் போய் உட்காரும். முதுகில் குறுக்கே ஓடிய மடிப்பும் அதோடு மறையும். சாக் கட்டியால் ஒரு வெட்டுக்குறி போட்டதும் கோட் மறுபடி துணித் துண்டுகளாகப் பிரிந்து மேசைக்குப் போகும். அன்று கண்ணாடியில் பார்த்த அந்த மாற்றத்தை வாடிக்கையாளர் மறப்பதில்லை. அதன்பின் யார் கோட்டைப் பார்த்தாலும் அவர் கண் முதலில் காலருக்குத்தான் போகும். இப்படிக் கண் பழகாமல் ரசனை வளராது. ஒரு கோட்டுக்கு 50 மணி நேரத்துக்குக் குறையாத கைவேலை போகிறது; அதில் வாடிக்கையாளர் நேரில் பார்ப்பது இந்த ஒன்றிரண்டு மணி நேரத்தை மட்டுமே.

பாணியில் முதலில் தீர்க்க வேண்டியது தோள். லேப்பலையும் பட்டனையும் பின்னால் மாற்றிக்கொள்ளலாம். தோள் ஒரு கோட்டின் குணத்தையே சொல்லிவிடும். சாவில் ரோவிலேயே இதில் இரண்டு துருவங்கள் உண்டு. ஹண்ட்ஸ்மேன் நிறுவனத்தின் கோட் குதிரையேற்ற உடையின் வழி வந்தது. தோள் திட்டமாக, இடுப்பு இறுகி, முன்பக்கம் ஒரே பட்டனோடு இருக்கும். உடுத்தியவரை நிமிர வைக்கும். எதிர்த் துருவம் ஃபிரெடரிக் ஸ்கோல்ட் என்ற தையற்காரரின் 'டிரேப்' வெட்டு. காவல்படை அதிகாரிகளின் பெரிய கோட்டில் பெல்ட்டை இறுக்கும்போது மார்புப் பக்கம் துணி மடிப்பாகத் திரள்வதை அவர் கவனித்தார். சாதாரணக் கோட்டிலும் மார்பிலும் தோள்பட்டைப் பின்புறத்திலும் கொஞ்சம் கூடுதல் துணியை விட்டு, இடுப்பில் பிடித்து, தோளில் பஞ்சைக் குறைத்தார். மார்பு அகலமாகத் தெரியும். ஆனால் எங்கும் இறுக்காது. அவரிடம் பயின்ற பெர் ஆண்டர்சன் 1906இல் தொடங்கிய நிறுவனமே இன்றைய ஆண்டர்சன் அண்ட் ஷெப்பர்ட்.

நேப்பிள்ஸ் இதை இன்னும் தளர்த்தியது. 1930களில் ஜென்னாரோ ரூபினாச்சியின் 'லண்டன் ஹவுஸ்' கடையில் வின்சென்சோ அத்தோலினி என்ற கட்டர், ஆங்கிலக் கோட்டின் தோள் பஞ்சையும் லைனிங்கின் பெரும்பகுதியையும் எடுத்துவிட்டார். கையைச் சட்டைக் கை போலத் தைத்து, தோள் முனையில் சிறு சுருக்கங்கள் விழ விட்டார். தென்இத்தாலி வெயிலுக்கு அதுதான் ஏற்றது. 1818இல் தொடங்கிய நியூயார்க்கின் புரூக்ஸ் பிரதர்ஸ் வேறொரு வழியில் போனது: இயற்கையான தோள், முன்பக்கம் டார்ட் (இடுப்பை ஒட்டப் பிடிக்கும் தையல்) இல்லாத நேரான உடல். தொந்தி உள்ளவருக்கும் இல்லாதவருக்கும் அது ஒரே மரியாதை தரும்.

இவற்றில் எது சிறந்தது என்ற கேள்விக்குப் பொருளில்லை. எது யாருக்கு என்பதற்குத்தான் பதில் உண்டு. சரிந்த தோள் உள்ள மெலிந்த மனிதருக்கு நேப்பிள்ஸ் வெட்டு இன்னும் சரிவைக் காட்டும். அவருக்கு மெல்லிய பஞ்சுப் பட்டை ஒன்று துணை செய்யும். அகன்ற, சதுரத் தோள் உள்ளவருக்கு அதே பட்டை பாரம். குணமும் கணக்கில் வரும். கூச்ச சுபாவம் உள்ளவர் ஹண்ட்ஸ்மேன் தோளைப் போட்டுக்கொண்டு நாள் முழுதும் அதற்குள் ஒடுங்கி நிற்பதுண்டு. அவர் அடுத்த கோட்டில் தானாகவே மென்மையான தோளைக் கேட்பார்.

ஒரு வெட்டைப் பிடித்துக்கொண்டு வாழ்நாள் முழுதும் அதற்குள் விளையாடியவர்களில் முதன்மையானவர் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் மகனான வின்ட்சர் கோமகன். 1919 முதல் 1959 வரை, நாற்பது வருடம், அவருடைய கோட்டுகளை ஸ்கோல்ட் கடையே தைத்தது. உடல் அளவும் பெரிதாக மாறவில்லை. தோளும் மார்பும் அப்படியே நிற்க, அவர் சோதனை செய்ததெல்லாம் துணியிலும் சேர்க்கையிலும்தான். கட்டத்தின் மேல் கோடு, அதன்மேல் புள்ளி டை என்று பிறர் அஞ்சும் சேர்க்கைகளைச் சாதாரணமாக உடுத்தினார். பேன்ட் மட்டும் பின்னாளில் நியூயார்க்கில் தைத்தார். பெல்ட் போடும் அமெரிக்க இடுப்பு அவருக்குப் பிடித்திருந்தது. தந்தையின் பழைய டார்ட்டன் சூட்டைத் திருத்தி உடுத்தினார். மாலை உடைக்குக் கறுப்பை விட்டு நள்ளிரவு நீலத்தைத் தேர்ந்தார். விளக்கொளியில் கறுப்பு சற்றுப் பச்சையாக வெளிறும். நள்ளிரவு நீலமோ கறுப்பைவிடக் கறுப்பாகத் தெரியும். நிருபர்களின் படங்களில் கறுப்புக் கோட்டின் லேப்பலும் பையும் மறைந்துவிடுகின்றன, நீலத்தில் தெரிகின்றன என்பதும் அவர் சொன்ன காரணம். அடித்தளம் உறுதியாக இருந்ததால்தான் அவ்வளவு துணிச்சல் எடுபட்டது. தோளும் மார்பும் இன்னும் சரிவராத நிலையில் கட்டமும் கோடும் சேர்க்கத் துடிப்பது புதியவர்கள் செய்யும் பெரிய தவறு.

நடன நடிகர் ஃபிரெட் அஸ்டேரும் அதே டிரேப் மரபில், ஆண்டர்சன் அண்ட் ஷெப்பர்டில் தைத்தார். கையை உயரத் தூக்கி ஆடும்போதும் அவர் காலர் கழுத்தை விட்டு அசையாததற்குக் காரணம் ஆர்ம்ஹோல், அதாவது கோட்டில் கை தைக்கப்படும் வளையம். கை தாராளமாக அசைய ஆர்ம்ஹோல் பெரிதாக இருக்க வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். தையல் சொல்வது நேர்மாறு. ஆர்ம்ஹோல் சிறிதாக, அக்குளுக்கு நெருக்கமாக இருந்தால் கை மட்டும் தனியே அசையும். தாழ இறங்கியிருந்தால் கையோடு கோட் முழுவதும் தூக்கும். ரெடிமேட் கோட் பலருக்கும் பொருந்த வேண்டியிருப்பதால் அதில் ஆர்ம்ஹோல் தாழ இருக்கும். முதல் முறை உயர்ந்த ஆர்ம்ஹோலை உடுத்துகிறவர் இறுக்குகிறது என்பார். இரண்டு வாரம் கழித்துப் பழைய கோட்டுக்குத் திரும்ப மனம் வராது.

மற்ற விகிதங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கோட் பின்புறத்தை மூட வேண்டும். மூடும் பட்டன் இயற்கையான இடுப்பில், தொப்புளை ஒட்டி நிற்க வேண்டும். மேலே ஏறினால் கால் நீளும், உடல் குறுகும். லேப்பல் காலருக்கும் தோள் முனைக்கும் பாதி தூரம் வந்தால் எந்தக் காலத்திலும் பழசாகத் தெரியாது. கைமுனையில் சட்டை அரை அங்குலம் எட்டிப் பார்க்கலாம்.

துணிக்கு வரும்போது நிதானம் தேவை. லேபிளில் உள்ள 'சூப்பர்' எண்ணைத்தான் முதலில் எல்லோரும் பார்க்கிறார்கள். அது இழையின் நுண்மையைச் சொல்லும் எண். சூப்பர் 100 என்றால் இழை 18.75 மைக்ரான், சூப்பர் 150 என்றால் 16.25. நுண்மை கூடினால் தொடுவதற்குப் பட்டுப்போல் இருக்கும். ஆனால் கசங்கும், முழங்கையில் சீக்கிரம் பளபளக்கும். தினமும் உடுத்தும் முதல் கோட்டுக்கு அது வேண்டாம். மீட்டருக்கு 340 கிராம் அளவில், அடர்நீலமோ நடுச்சாம்பலோ, வெற்றுத் துணியாக எடுப்பதே நல்லது. கனமுள்ள துணி தன் பாரத்தில் நேராகத் தொங்கும், தையலின் குறையும் நிறையும் அதில் தெளிவாகத் தெரியும். வெயில் ஊர்களுக்கு எடை குறைந்த துணி என்று சொல்வது பாதி உண்மை. மெல்லியதாயினும் நெருக்கமாக நெய்த துணியில் காற்று போகாது. ஹடர்ஸ்ஃபீல்டின் மார்ட்டின் சன்ஸ் ஆலை 1907இல் கொண்டுவந்த 'ஃபிரெஸ்கோ' இதற்கு விடை: நன்றாக முறுக்கேற்றிய நூல், இடைவெளி விட்ட எளிய நெசவு. ஜன்னலுக்கு எதிரே பிடித்தால் வெளிச்சம் தெரியும். சென்னையிலோ கொழும்பிலோ கோட் போட வேண்டியவர் இந்த நெசவில், முதுகில் பாதி லைனிங் மட்டும் வைத்துத் தைத்துக்கொண்டால் பிழைத்தார்.

நிறத்தைத் துணிப் புத்தகத்தின் சிறு துண்டில் தீர்மானிக்க முடியாது. பட்டுப்புடவை எடுக்கப் போனவர்கள் கடை வாசலுக்குக் கொண்டுவந்து வெளிச்சத்தில் நிறம் பார்ப்பார்கள் அல்லவா, அதே அறிவு இங்கும் வேண்டும். துணியைத் தோளில் போட்டு, முகவாய்க்குக் கீழே பிடித்து, பகல் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். ஆங்கில நூல்களின் நிற ஆலோசனைகள் பெரும்பாலும் வெளிறிய முகத்தை மனத்தில் வைத்து எழுதியவை. கறுத்த மேனிக்கு அவை பொருந்துவதில்லை. வெளிறிய மணல் நிறம் கறுத்த முகத்தின் ஒளியை மங்கச் செய்யும்; தந்த வெள்ளை, புகையிலைப் பழுப்பு, பாட்டில் பச்சை, செங்கல் சிவப்பு டை ஆகியவை அதே முகத்தைத் துலக்கும்.

நிறத்தைப் பற்றிய பேச்சில் 'மெட்ராஸ்' துணியை விட முடியாது. சென்னை வட்டாரத்துக் கைத்தறிகளில் நெய்த கட்டம் போட்ட பருத்தி அது. ஊரின் பெயரே உலகெங்கும் துணியின் பெயராகியது. 1950களின் இறுதியில் அமெரிக்காவில் விற்ற மெட்ராஸ் சட்டைகள் சலவையில் சாயம் விட்டன. குளிர்ந்த தண்ணீரில் தனியாக அலசச் சொல்லும் குறிப்பு வாங்கியவர்களுக்குப் போய்ச் சேரவில்லை. புகார்கள் குவிந்த பின் அந்தச் சாயம் விடுதலையே சிறப்பாகச் சொல்லி விற்றார்கள். 1960களில் கல்லூரி மாணவர்கள் அதை ஆசையாக உடுத்தினார்கள். ஒரே தறியில் வந்த இரண்டு கோட் ஒரு கோடையில் இரண்டு விதமாக மாறிவிடும். உடுத்தியவரின் வெயிலும் சலவையும் அதில் படிந்திருக்கும்.

சட்டை, டை, ஷூ மூன்றும் கோட்டின் தோளைப் பின்பற்ற வேண்டும். மென்மையான தோளுக்குக் கஞ்சி விறைப்புள்ள காலர் ஒட்டாது. பட்டன் வைத்த மென்காலர் ஒட்டும். குறுகிய முகத்துக்கு அகலக் காலரும் அகன்ற முகத்துக்கு நீண்ட காலர் முனையும் துணை. லேப்பல் அகலத்துக்கு டை அகலம். ஷூவில் இரண்டு ஜோடி போதும், மாற்றி மாற்றிப் போட. ஒரு நாள் போட்ட தோல் ஒரு நாள் உலர வேண்டும்.

இரண்டாவது கோட்டை முதலாவதை ஒரு பருவமாவது உடுத்திய பிறகே ஆர்டர் செய்வது நல்லது. முதல் மாதத்தில் தோன்றும் குறைகளில் பாதி பழகாததால் வருபவை. ஆறு மாதம் கழித்தும் உறுத்துவதுதான் உண்மையான குறை. உட்கார்ந்தால் பட்டனைக் கழற்ற மறந்துவிடுகிறது, பையில் கைவிட்டே நிற்கிறோம், டை கட்டவே இல்லை என்பவையெல்லாம் அந்த நேரத்தில் தெரியவரும். டை கட்டாதவருக்கு லேப்பல் மடிப்பு சற்று மேலே நின்றால் நெஞ்சு வெறிச்சென்று இருக்காது. மூன்றாவது, நான்காவது கோட்டில் வாடிக்கையாளர் பேசுவதே மாறிவிடும். புகைப்படம் வராது. "போனதில் இருந்த மாதிரியே, பை மட்டும் கொஞ்சம் கீழே" என்பார். இதைக் கேட்கும் கட்டருக்கு வரும் நிறைவு பெரியது.

உடம்பு நிற்காது. அதனால் நல்ல தையலில் பக்கவாட்டிலும் முதுகு நடுவிலும் உள்ளே துணி விட்டிருப்பார்கள். தையலைப் பிரித்தால் இடுப்பு இரண்டு அங்குலம் வரை விரியும். கைமுனை தேய்ந்தால் உள்ளே மடித்துத் தைக்கலாம், லைனிங் கிழிந்தால் மாற்றலாம். நாற்பது வயதில் தைத்த கோட் இப்படி அறுபது வரை வரும். ஒரு கட்டத்தில் முதுகு வளைந்து, ஒரு தோள் மேலும் தாழ்ந்து, பழைய பேட்டர்ன் எவ்வளவு ஒட்டினாலும் உதவாது என்ற நிலை வரும். அப்போது கட்டர் புதிய பழுப்புத் தாளை விரிப்பார். மார்பு, முதுகு, இடுப்பு, கை எல்லாம் புது அளவில் வரையப்படும். பிறகு பழைய தாளை மேலே வைத்து, லேப்பலின் வளைவையும் காலரும் லேப்பலும் சேரும் நாட்சின் உயரத்தையும் முன்பக்க ஓரத்தின் சரிவையும் ஒரு கோடு விடாமல் அப்படியே இறக்கிக்கொள்வார்.